பொலிஸ் முற்றத்தில் மாரிமுத்துவின் மீற்றர்

மாரிமுத்து இறந்த செய்தியை அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னாள். “மிஸ், அப்பா போயிட்டாரு. காலையில டீ கொண்டுபோனேன், எந்திரிக்கல.” எத்தனை மணிக்கு, எந்த டொக்டர் வந்து பார்த்தார், காரணம் என்று எதை எழுதினார் என்றெல்லாம் கேட்டேன். என்ன சொல்வதென்று தெரியாதபோது விபரம் கேட்பது என் பழக்கம். அவள் பொறுமையாகப் பதில் சொன்னாள். போனை வைத்துவிட்டு, சாம்பல் நிறச் சேலையை மாற்றிக்கொண்டு, கட்டுகஸ்தோட்டைக்கு பஸ் ஏறினேன்.

பாலத்தடியில் பதாகை கட்டியிருந்தார்கள். அவருடைய படத்துக்குக் கீழே, “எவரையும் கோபிக்காத உத்தமர், எல்லோரையும் மன்னித்த பெருமனம்” என்று பெரிய எழுத்தில் இருந்தது. வெயிலில் நின்று இரண்டு தரம் வாசித்தேன். எனக்கு வந்தது அழுகையல்ல, ஆத்திரம். இந்த நினைவு மலரை வாசிப்பவர்களில் பாதிப் பேர் அவரிடம் வாகனம் திருத்தியவர்கள். அவர் உங்களைக் கோபித்ததே இல்லையா? எண்ணெய் மாற்றாமல் ஓட்டி எஞ்சினைக் கெடுத்துக்கொண்டு வந்தவர்களை என்ன சொல்லி ஏசினார் என்பது அதற்குள் மறந்துபோயிற்றா? உயிரோடு இருந்தபோது அந்த மனிதரிடமிருந்து எடுத்தவை போதாதென்று, இறந்த பிறகு அவருடைய கோபத்தையும் எடுத்துவிட்டீர்கள். அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் கொழுந்து பறித்தவர்கள். கட்டுகஸ்தோட்டைக்கு இறங்கி வந்து கராஜ் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு சொந்தமாக ஒன்று போட்டார். எண்பத்து மூன்று கலவரத்தில் அதை எரித்தார்கள். அடுத்த வருடம் அதே இடத்தில் தகரக் கொட்டில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எரித்த கூட்டத்தில் நின்ற ஒருவன் சில மாதங்கள் கழித்து லொறியொன்றைக் கொண்டுவந்து நிறுத்தினானாம். இதை அவரே எனக்குச் சொன்னார். “மொதல்ல அன்னைக்குத் தூக்கிட்டுப் போன என் சொக்கெட் பெட்டி எங்கன்னு சொல்லு, அப்புறம் பொனட்டத் தொற”ன்னேன் மிஸ். “நான் பின்னாலதான் நின்னேன் பாஸ்”ங்கிறான். “பின்னால நின்னவனுக்குத்தான்டா எல்லாம் நல்லாத் தெரிஞ்சிருக்கும்”னேன். லொறியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டான்.

இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். பதாகை எழுதியவர்கள் அந்தச் சிரிப்பைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

எனக்கு அவரைத் தெரிய வந்தது என் கணவரின் காரினால். என் கணவர் பல் வைத்தியர், யாழ்ப்பாணத்தவர், கண்டியில் முப்பது வருடம் தொழில் செய்தவர். அவருக்குக் கார்ப் பந்தயத்தில் பைத்தியம். வடக்கில் எங்கள் சொந்தக்காரர்கள் ஷெல்லுக்குப் பயந்து கோயிலிலும் பள்ளிக்கூடத்திலும் படுத்துக்கிடந்த வருடங்களில், இங்கே மலைப்பாதையில் யார் விரைவாக ஏறுவது என்று கனவான்கள் போட்டியிட்டார்கள். என் கணவரும் அவர்களில் ஒருவர். வைத்திருந்தது ஜப்பான் கார். எஞ்சினில் ஆறு சிலிண்டர், இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று. அதற்கு வேகம் கூட்ட மாரிமுத்துவைப் பிடித்தார்.

நான் அப்போது கன்னியர் மடப் பாடசாலையில் இரசாயனம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். நான் படித்ததும் அங்கேதான். ஒருநாள் எங்கள் வீட்டுக் கராஜில் நின்றுகொண்டு, பெற்றோல் ஒரு பங்கு முழுதாக எரிவதற்குக் காற்று எத்தனை பங்கு வேண்டும் என்று மாரிமுத்துவிடம் கேட்டேன். சோதித்துப் பார்க்கத்தான் கேட்டேன், மறைப்பதற்கில்லை. “பதினாலரைக்குக் கொஞ்சம் மேல மிஸ்” என்றவர், “நிறையிலயா, கன அளவுலயா கேக்குறீங்க?” என்றார். என் உயர்தர வகுப்பில் இந்தக் கேள்வியை ஒருத்தியும் கேட்டதில்லை. அன்றிலிருந்து நான் அவரை மதித்தேன். அவரும் என்னோடு கதைக்கும்போது வேலையை நிறுத்திவிட்டுக் கதைப்பார்.

இனி வருவதைப் புரிந்துகொள்ள ஒரு சிறு விளக்கம் வேண்டும். அந்தக் காரின் புகைக்குழாய்களில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஒட்சிசன் சென்சர்கள் இருந்தன. எரிந்து வரும் புகையில் ஒட்சிசன் மிச்சம் இருந்தால் அந்தப் பக்கம் பெற்றோல் போதவில்லை என்று பொருள். மிச்சம் இல்லாவிட்டால் பெற்றோல் கூடிவிட்டது. சென்சர் அதைக் காரின் கொம்பியூட்டருக்குச் சொல்ல, அது அந்தந்தப் பக்கத்துக்குப் பெற்றோலைக் கூட்டும் அல்லது குறைக்கும். சென்சர்கள் சொல்வதைத் தன் கண்ணால் பார்ப்பதற்கு மாரிமுத்து ஒரு மீற்றர் செய்திருந்தார். பிஸ்கட் ரின் ஒன்றுக்குள் அடக்கியது. மூடியில் இரண்டு வரிசைச் சின்ன விளக்குகள், பக்கத்துக்கு ஒரு வரிசை. சிவப்பு எரிந்தால் பெற்றோல் குறைவு, பச்சை எரிந்தால் கூட. கீழே நீளமாக வயர்கள். கடையில் வாங்க முடியாத சாமானைப் புத்தகம் பார்த்துத் தானே ஒட்டிச் செய்தார். அவருக்கு அதில் பெருமை.

பந்தயத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது புதுப் புகைக்குழாய்கள் பூட்டினார். சென்சர்கள் இருக்கும் இடம் தள்ளிப்போனதால் அவற்றின் வயர்களை நீட்ட வேண்டியிருந்தது. இரண்டு செருகிகளும் ஒரே வடிவம், ஒரே நிறம், நீட்டிய பிறகு பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. வியாழக்கிழமை காரை ஒப்படைத்தபோது அந்த மீற்றர்ப் பெட்டியைக் காரில் பூட்டிக் காட்டினார். இரண்டு வரிசை விளக்குகளும் நடுவில் நின்று ஒன்றுபோல ஆடின.

ஞாயிற்றுக்கிழமை பூசையிலிருந்து வந்ததும் என் கணவர் காருக்கடியில் நுழைந்தார். வயர்கள் தொங்குவது அவருக்குப் பிடிக்கவில்லை. பல் வைத்தியர்களுக்கு ஒழுங்கீனம் ஆகாது. செருகிகள் இரண்டையும் கழற்றி, வயர்களை நூலால் வரிசையாகக் கட்டி, திரும்பச் செருகினார். நான் குனிந்து நின்று டோர்ச் பிடித்தேன். திங்கட்கிழமை கார் இழுக்கவில்லை, குலுங்கியது, பெற்றோல் மணம் மூக்கில் அடித்தது. மாரிமுத்துவுக்குப் போன் எடுத்தார். “நீர் பூட்டினதுக்குப் பிறகு ஒருத்தரும் கை வைக்கேல்லை. உம்மட வேலைதான் பிழைச்சிருக்கு. வந்து பாரும்” என்றார். நான் அடுத்த அறையில் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். ஒருவேளை மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை மாரிமுத்து பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் புறப்பட்டார். அந்த மாதங்களில் குண்டுப் பயத்தில், நகரத்துக்குள் வரும் ஒவ்வொரு பஸ்ஸையும் நிறுத்தி எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். தமிழ்ப் பெயர் எழுதிய அடையாள அட்டை, பிஸ்கட் ரின், அதற்குள்ளிருந்து வயர், மூடியில் சிவப்பு விளக்கு. விளக்கம் கேட்க யாருக்குப் பொறுமை இருந்தது? அடித்து ஏற்றிக்கொண்டு போனார்கள்.

புதன்கிழமை அவருடைய மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை. “ஐயா காருக்குத்தான் அத எடுத்துக்கிட்டு வந்தாரு. ஐயா வந்து ஒரு வார்த்த சொன்னாப் போதும், விட்டுருவாங்க” என்றாள். என் கணவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: “நான் போனா என்ர பேரையும் எழுதுவாங்கள். யாழ்ப்பாணத்தான் எண்டா பிறகு விடுவாங்களோ?” அந்தப் பயத்தில் பொய் இல்லை. அது எனக்கும் இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு எங்களைவிடக் கூடுதலான பயம் இருந்தும் அவள் நடந்து வந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை நான் கார்ச் சாவியை எடுத்தேன். “நீ எங்க போறாய்?” என்றார். “பொலிசுக்கு.” “இந்தக் காரிலயோ? கிளச்சை எரிச்சுப்போடுவாய்!” என்று சொல்லிக்கொண்டு தானும் ஏறி, என்னைத் தள்ளி உட்காரச் சொல்லி, ஓட்டினார். என் கணவர் அந்த மனிதருக்காகப் பொலிசுக்குப் போனார் என்று இந்த நகரத்தில் ஒரு கதை உண்டு. அவர் போனது கிளச்சுக்காக.

பொறுப்பாக இருந்த இன்ஸ்பெக்டர் இளைஞர், நாங்கள் சொன்னதைக் கேட்க மறுக்கவில்லை. “இது காருக்கான மீற்றர் என்றால் இங்கேயே பூட்டிக் காட்டட்டும்” என்று சிங்களத்தில் சொன்னார். மாரிமுத்துவை முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு கண் மூடியிருந்தது. சேர்ட்டில் பொத்தான்கள் இல்லை. என் கணவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுக் கொம்பியூட்டருக்குப் போகும் வயர்களில் பெட்டியைப் பூட்டினார். எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொன்னார்.

இடது வரிசை சிவப்பின் கடைசி விளக்குக்குப் போய் நின்றது. வலது வரிசை பச்சையின் கடைசிக்குப் போனது. இரண்டும் அசையவில்லை.

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். “ஒரே எஞ்சின், ஒரே பெற்றோல் தாங்கி. உன் பெட்டி இரண்டு கதை சொல்கிறதே. இதை நான் மீற்றர் என்று எழுதவா?” சுற்றி நின்ற பொலிஸ்காரர்கள் சிரித்தார்கள். ஒருவன் கைவிலங்கை மீண்டும் எடுத்தான். பெட்டி மீற்றர்தான் என்று நிரூபிக்க முடியாவிட்டால் அன்று பின்னேரம் அவரைக் கொழும்புக்கு அனுப்புவதாக ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அங்கே போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று அந்த முற்றத்தில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

“கொஞ்சம் டைம் குடுங்க சேர்” என்றார் மாரிமுத்து. முதலில் பெட்டியின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றிப் பூட்டினார். சிவப்பு வலது வரிசைக்கும் பச்சை இடது வரிசைக்கும் மாறின. பெட்டியின் இரு பாதியும் ஒன்றுபோல வேலை செய்கின்றன, பிழை காரில் என்று இன்ஸ்பெக்டருக்குக் காட்டினார். பிறகு வயர்களைப் பழையபடி வைத்தார். எஞ்சினை நிறுத்தி, சூட்டோடு சூடாகப் பக்கத்துக்கு ஒரு ஸ்பார்க் பிளக்கைத் துணியால் பிடித்துக் கழற்றினார். இடப்பக்கத்துப் பிளக் கரி பிடித்துக் கறுத்திருந்தது. வலப்பக்கத்தது வெள்ளை வெளேரென்று இருந்தது.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. கரி பிடித்தால் பெற்றோல் கூட. பெட்டியோ இடப்பக்கம் பெற்றோல் குறைவு என்கிறது. இடப்பக்கத்துச் சென்சர் வலப்பக்கத்து வயரில் செருகியிருக்கிறது. வலப்பக்கத்தில் இருந்த சிறு குறையை இடப்பக்கத்தின் குறை என்று நினைத்துக் கொம்பியூட்டர் இடப்பக்கத்துக்குப் பெற்றோலைக் கொட்டுகிறது. கொட்டக் கொட்ட வலப்பக்கத்தைப் பட்டினி போடுகிறது. எல்லை வரைக்கும் போய் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை டோர்ச் வெளிச்சத்தில் அந்த இரண்டு செருகிகளும் கழன்று கிடந்ததை நான் பார்த்திருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும்.

நான் சொல்லவில்லை. அந்நியர் முன்னால் கணவனின் பிழையைச் சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள். அலகு எழுத மறந்த மாணவிக்கு அரைப் புள்ளி வெட்டியவளும் நான்தான். கைக்குட்டையைத் தேடுகிறவள் போலக் கைப்பையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் வாகை மரத்து நிழலுக்குப் போய் நின்றார். ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். அந்த ஒரு மணித்தியாலமும் மாரிமுத்து, ஒற்றைக் கண்ணோடு, அந்த முற்றத்தில் தன் உயிருக்காக ஒரு காரைத் திருத்தினார். பிளக்குகளைத் திரும்பப் பூட்டி எஞ்சினை ஓடவிட்டு, காற்று ஒழுகுகிறதா என்று குழாய்களைத் தடவினார். பெற்றோல் பீச்சும் ஊசிகளின் சத்தத்தைக் காது வைத்துக் கேட்டார். தான் பூட்டிக்கொடுத்த செருகிகளை அவர் சந்தேகிக்கவில்லை, ஒருவரும் தொடவில்லை என்று டொக்டர் சொல்லியிருந்தாரே.

கடைசியில் காருக்கடியில் படுத்தார். வயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு, “எஞ்சினப் போடுங்க” என்றார். கையை நீட்டி இடப்பக்கத்துச் சென்சரின் செருகியை இழுத்தார். பெட்டியில் அணைந்தது வலது வரிசை.

“மீட்டரு பொய் சொல்லல சேர்” என்று கீழே படுத்தபடியே சொன்னார். “அது யாரப் பத்திச் சொல்லுதுன்னுதான் நமக்குத் தெரியல.”

செருகிகளை மாற்றிப் போட்டார். இரண்டு மூன்று நிமிடத்தில் சிவப்பும் பச்சையும் ஒவ்வொரு விளக்காக நடுவுக்கு வந்தன. பிறகு இரண்டு வரிசையும் சேர்ந்து ஆடத் தொடங்கின. இன்ஸ்பெக்டருக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்தது. “சரி பாஸ், சரி” என்றார். அதுவரை ‘நீ’ என்றவர் அப்போதுதான், தொழில் தெரிந்தவரை மதித்துக் கூப்பிடும் ‘பாஸ்’ என்ற சொல்லைச் சொன்னார். புத்தகத்தை எடுத்துக்கொண்டு, “யார் இதைப் பிழையாகப் பூட்டியது?” என்று கேட்டார்.

மாரிமுத்து எழுந்து என் கணவரிடம் போனார். “ஐயா, வியாழக்கெழம குடுத்தப்ப ரெண்டும் சரியா இருந்துச்சு. நீங்களே பாத்தீங்க. அப்புறம் யாரு கை வச்சது?”

“ஒருத்தரும் தொடேல்லை.”

“அப்ப பேய் வந்து மாத்துச்சா?”

“மரியாதையாக் கதையும்” என்றார் என் கணவர். பொத்தான் இல்லாத சேர்ட்டோடு நின்ற மனிதரைப் பார்த்துச் சொன்னார்.

மாரிமுத்து என் பக்கம் திரும்பினார். “மிஸ், நீங்க சொல்லுங்க.”

நான் கைப்பையை மூடினேன். இன்ஸ்பெக்டர் ‘மெக்கானிக்கின் கவனயீனம்’ என்று எழுதிக் கையொப்பம் வாங்கினார். மாரிமுத்துவை அன்றே விட்டார்கள், பெட்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்த ஒரு வரி செய்ததை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். பந்தயக்காரர்கள் தங்கள் கார்களை வேறு இடங்களுக்குக் கொண்டுபோனார்கள். கவனயீனமானவர், பொலிஸ் கேஸ் உள்ளவர். நாட்டில் எங்கே குண்டு வெடித்தாலும் புத்தகத்தில் பெயர் இருந்த காரணத்தால் மாரிமுத்துவின் கராஜுக்குத்தான் முதலில் ஜீப் வந்தது. பதாகைக்குப் பணம் போட்ட கனவான்களே, உங்களில் மூன்று பேருடைய கார்கள் எந்த மாதத்திலிருந்து அவரிடம் போகவில்லை என்று என்னால் சொல்ல முடியும்.

அவர் எங்கள் வீட்டுக்கு அதன் பிறகு வரவில்லை. என் கணவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. கதைக்காமலே இறந்தார். நல்ல கணவர், நல்ல வைத்தியர். ஏழைகளுக்கு இலவசமாகப் பல் பிடுங்கினார். இதையும் செய்தார்.

அவர் இறந்து ஆறு மாதம் கழித்து, யுத்தமும் முடிந்துவிட்டிருந்த காலத்தில், நான் கட்டுகஸ்தோட்டைக்குப் போனேன். மாரிமுத்து முச்சக்கர வண்டியொன்றின் எஞ்சினைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். “முத்து, அண்டைக்கு அந்த வயரை மாத்திச் செருகினது டொக்டர்.”

“தெரியும் மிஸ்.”

“எப்ப தொடக்கம் தெரியும்?”

“அடியில படுத்தப்பவே. வயரு நூல்ல கட்டியிருந்துச்சு. மெக்கானிக் எவனும் நூல்ல கட்ட மாட்டான். அதுலயும் அந்த முடிச்சு, பல்லுப் புடுங்கிட்டு ஈறுக்குப் போடுவாங்களே, அந்த முடிச்சு. எனக்கே ஐயா ஒருதரம் போட்டிருக்காரு.”

“தெரிஞ்சும் நீர் ஏன் இன்ஸ்பெக்டருக்குச் சொல்லேல்லை?”

“நான் சொன்னா யாரு கேப்பா? அதான் ஒங்களக் கேட்டேன்.”

பொலிசுக்குப் போய் எழுதிக்கொடுக்கிறேன் என்றேன். அவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். “எந்த பொலிசு? அந்த இன்ஸ்பெக்டர் எங்கயோ, அந்தப் பொஸ்தகம் எங்கயோ. இப்ப சொன்னா ஒங்களுக்கு நல்லா நித்திரை வரும் மிஸ். எனக்கு என்ன வரும்?”

“மன்னிப்புக் கேக்க வந்தனான், முத்து.”

“மாட்டேன் மிஸ்” என்றார். குரல் உயரவில்லை. “நீங்க டீ குடிச்சிட்டுப் போங்க.”

குடித்துவிட்டுத்தான் வந்தேன். இரண்டு மாதம் கழித்து என் சின்னக் கார் நின்றுபோனபோது வேறு யாரிடமும் கொண்டுபோக மனம் வரவில்லை. அவர் மறுக்காமல் திருத்தினார். அதிலிருந்து கண் பார்வை மங்கி நான் காரை விற்கும் வரைக்கும் அவர்தான் பார்த்தார். பிரேக்கை ஒன்றுக்கு இரண்டு தரம் சோதித்துவிட்டுத்தான் சாவியைத் தருவார். நாங்கள் எஞ்சினுக்குள் பெற்றோல் எரிவதைப் பற்றிக் கதைத்தோம், பேத்திகளின் பரீட்சைகளைப் பற்றிக் கதைத்தோம். ஒருநாள், வேறு எதையோ கதைத்துக்கொண்டிருந்தபோது, இன்னும் கோபமா என்று கேட்டேன். “இருக்கு மிஸ். பிரேக்குல காட்ட மாட்டேன், பயப்படாதீங்க” என்றார். இருவரும் சிரித்தோம். கோபம் அப்படியே இருந்தது.

அவருடைய அந்த ‘மாட்டேன்’ எனக்குக் கிடைத்தது. நான் செய்ததற்குச் சரியான புள்ளி போட்ட ஒரே மனிதர் அவர்தான். இரக்கத்துக்காக அரைப் புள்ளிகூடக் கூட்டவில்லை. அதை நான் வைத்திருக்கிறேன். அவர் எல்லோரையும் மன்னித்தார் என்று எழுதி அதை என்னிடமிருந்து யாரும் பிடுங்க வேண்டாம்.

இன்ஸ்பெக்டர் கேட்ட கேள்விக்குப் பதில் இது. அந்த இரண்டு செருகிகளையும் மாற்றிச் செருகியவர் என் கணவர். டோர்ச் பிடித்தவள் நான். மாரிமுத்துவின் வேலையில் ஒரு பிழையும் இருக்கவில்லை.